மூன்று நாள் பழைய ரத்தம்

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். தூத்துக்குடி வெயிலில் தெருநாய்கூட நிழலை விட்டு நகராத நேரம். அந்த நேரத்தில் டாக்டர் டெல்பினின் பிராணிகள் கிளினிக்குக்கு ஒரு கறுப்பு நாய் வந்தது.

கூட்டி வந்தவன் ரோச். மணப்பாட்டுக்காரன், சொந்தமாக வள்ளம் வைத்து மீன் பிடிப்பவன். நாயின் வாயை வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். அதன் உடம்பெல்லாம் ஈரம். நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கடல் வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. கெட்டுப்போன மீனாக இருக்கும் என்று டெல்பின் நினைத்துக்கொண்டாள்.

“ஊசியப் போட்டு முடிச்சிருங்க டாக்டரம்மா. இப்பவே.”

“என்ன செய்யுது அதுக்கு?”

“ஒண்ணும் செய்யல. என்னையே பாத்துக்கிட்டு நிக்கி.”

கொல்லும் ஊசியை அத்தனை சுலபமாகக் கையில் எடுக்கிறவள் இல்லை டெல்பின். போன வருஷம் ரத்த அறிக்கையைத் தப்பாகப் படித்து, சிறுநீரகம் போய்விட்டதென்று சொல்லி, பிழைக்க வேண்டிய நாய் ஒன்றை அவளே கொன்றிருந்தாள். சூடு கண்ட பூனை அவள். ரத்தம் பார்க்காமல், அதில் சந்தேகமென்றால் இரண்டாம் முறையும் பார்க்காமல் இனி அந்த ஊசி இல்லையென்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தாள்.

ரத்தம் எடுக்க நாயின் முன்னங்காலில் குத்தினாள். கால் ஜில்லென்றிருந்தது. ரத்தம் கறுப்பாக, கெட்டியாக, வேண்டாவெறுப்பாக வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சருகே கொண்டுபோனதும் நாய் உறுமியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பத்து வருஷமாக லேபைப் பார்த்துக்கொள்ளும் பெவின் அறிக்கையைக் கொண்டுவந்தான். சர்க்கரை பூஜ்யம். பொட்டாசியம் மெஷினின் கணக்கையே தாண்டியிருந்தது. ரத்தத்துக்கு மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் செக்கச்செவேலென்று கிடந்தது.

அவளுக்கு எரிச்சல் வந்தது. எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் நாள்கணக்கில் போட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும். அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிட்டு உடைந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.

“வெள்ளிக்கிழமை எடுத்த ட்யூப் எதையாவது மாத்தி வச்சிட்டீங்களா பெவின்? இது மூணு நாள் பழைய ரத்தம்.”

“இல்ல மேடம். நீங்க இப்ப குடுத்ததுதான்.”

“அப்ப மறுபடியும் எடுப்போம்.”

ரோச் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “நேரமில்ல டாக்டரம்மா. ஊசியப் போட்டிருங்க.”

“இந்த ரிப்போர்ட்ட நம்பி ஒரு உயிரக் கொல்ல மாட்டேன் அண்ணே.”

“எத்தன நாள் ரத்தம்னு சொன்னீங்க?”

“மூணு.”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

“மெஷினு சரியாத்தான் சொல்லுது. வெள்ளிக்கிழம போதையில இதத் துடுப்பால அடிச்சேன். மண்ட உடைஞ்சிட்டு. கழுத்துல கல்லக் கட்டி, வள்ளத்துல கொண்டுபோய் ஆழத்துல போட்டேன். இன்னைக்கு விடியும்போது வாசல்ல நிக்கி.”

டெல்பின் ஸ்டெதாஸ்கோப்பை நாயின் நெஞ்சில் வைத்தாள்.

இந்தத் தடவை அது உறுமவில்லை.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

தலையைத் தடவினாள். ஈர மயிருக்கு அடியில் இரண்டு விரல்கள் மண்டைக்குள் இறங்கின. உப்புத்தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

கயிறு அறுந்தது.

நாய் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக ரோச்சின் தொண்டையைக் கவ்வி, வலையிலிருந்து மீனைப் பிய்ப்பதுபோல் பிய்த்தது. சுவர் முழுக்க ரத்தம் அடித்தது. சூடான, புது ரத்தம். பெவின் ரோச்சின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். உடம்பு வந்தது, தலை பின்தங்கியது. டெல்பின் குளுக்கோஸ் மாட்டும் இரும்புக் கம்பத்தை எடுத்து நாயின் முதுகில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. மறுபடியும் இறக்கினாள். அது திரும்பி அவள் முழங்கையைக் கடித்தது. அவளுக்கு அழுகை வந்தது, அதோடு வெறியும் வந்தது. மண்டை கூழாகும்வரை அடித்தாள். கம்பத்தைப் போட்டபோது கீழே கிடந்தது, அழுகி ஊறிய வெறும் பிணம்.

அவள் ஊசி போட்டிருந்தால் ரோச் பிழைத்திருப்பானா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். தையல் போட்டாயிற்று, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாயிற்று. கடிபட்ட இடம் வலிக்கவில்லை என்பது மட்டும் அவளுக்கு விநோதமாக இருந்தது.

ஆஸ்பத்திரி லேபிலிருந்து அல்போன்சா என்ற பெண் சங்கடத்தோடு வந்து நின்றாள். கையில் காகிதம்.

“தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். உங்க ட்யூபு மாறிப்போச்சின்னு நினைக்கேன். சர்க்கரை ஒண்ணுமே இல்ல, பொட்டாசியம் மெஷின்லயே நிக்கல. நாள்பட்ட ரத்தம் மாதிரி இருக்கு. இன்னொருக்க எடுத்திருவோமா?”

டெல்பின் இடது மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வலது மணிக்கட்டில். கடைசியாகக் கழுத்தில்.

வாய் உப்புக் கரித்தது. கட்டிலின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

“எடுங்க,” என்று கையை நீட்டினாள். “ஆனா முதல்ல என் வாயக் கட்டிருங்க.”