விதைச்சாக்கு வாடை

நாலாவது மாடி வார்டில் விதைச்சாக்கு வாடை அடித்தது.

அமிர்தம் முதலில் நம்பவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், பினாயில் நெடி மூக்கைத் துளைக்கிற இடத்தில், அதற்கு என்ன வேலை? பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வாடைதான். ஊறிய விதைநெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றி வைத்தால், உள்ளுக்குள் அது தானாகச் சூடேறி முளைவிடும். பிரிக்கும்போது ஓர் ஆவி வரும் பாருங்கள், புளித்த சோறும் ஈரச் சாக்கும் யாருடையதோ வியர்வையும் கலந்த மாதிரி! வயலில் அது நல்ல வாடை. விடிந்தால் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்று படுத்திருக்கிற கட்டிலில் அது மூக்கைப் பொத்த வைத்தது.

"ஷோபனா, உனக்கு ஏதாச்சும் வாடை வருதா?"

மகள் போனிலிருந்து நிமிர்ந்து மோந்து பார்த்தாள். "பக்கத்து பெட் அம்மா வாந்தி எடுத்தாங்கல்ல, அதுவா இருக்கும். பயத்துல உனக்கு எல்லாமே பெருசாத் தெரியுதும்மா. கண்ண மூடிப் படு."

பயம்தான், மறைப்பானேன். குடவாசலில் குத்தகை நிலத்தில் தனியாளாகக் குறுவை போடுகிறவள், பாம்பைக் கண்டால் மண்வெட்டியைத் தூக்குகிறவள், கத்தி என்றதும் வெலவெலத்துப் போனாள். கருப்பையில் கட்டி. பூசணிப் பிஞ்சு அளவு இருக்கிறது, உடனே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. ஏற்கெனவே ஒருமுறை, ரத்தம் குறைவாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை அனுப்பினால் மறுபடி இந்தப் படியேறும் துணிச்சல் அவளுக்கு வராது.

பயம் வந்தால் அமிர்தத்துக்கு ஒரே மருந்து நெல். பச்சை நெல்லைப் பல்லால் உரித்து மெல்லுவது சின்ன வயசுப் பழக்கம். அம்மாவிடம் வாங்கிய அடியும் அதை விடவைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வீட்டில் வேறு நெல் இல்லை. மூடி வைத்திருந்த விதைச்சாக்கின் வாயைப் பிரித்து இரண்டு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெள்ளை முளை பொடியாக எட்டிப் பார்த்த நெல். பஸ்ஸில் ஏறியதிலிருந்து, உரிக்கக்கூடப் பொறுமையில்லாமல் முழுங்கிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் நர்ஸ் மேகலா வந்து சொன்னாள். "இனிமே பச்சத்தண்ணிகூடக் கூடாதும்மா. வயித்துல ஏதாச்சும் இருந்தா ஆபரேஷன் கிடையாது. திருப்பி அனுப்பிடுவாங்க."

தலையாட்டினாள். ஆனால் விளக்கை அணைத்ததும் போர்வைக்குள் கை தானாக முடிச்சுக்குப் போனது. கடைசி நெல்வரை தீர்த்தாள்.

வாடை அதற்கப்புறம்தான் ஏறியது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றச் சுற்ற, வராண்டாவில் யாரோ தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கரைய, அந்தப் புளித்த சூடு அலையலையாக முகத்தில் வந்து மோதியது. தலையணையை மோந்தாள். மெத்தையை மோந்தாள். குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த பையையும் மோந்தாள். எதிலும் இல்லை. கடைசியில் உள்ளங்கையை வாயருகே குவித்து ஊதினாள்.

அவளிடமிருந்துதான் வந்தது.

நாக்கு வழவழத்தது. கடைவாயில் நூல் மாதிரி ஏதோ ஒன்று. விரல் விட்டு இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. எச்சிலில் ஊறிய வெள்ளை வேர். இன்னும் இழுத்தபோது தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்கும் கீழே, எதுவோ சுண்டியது. ஓங்கரித்துக்கொண்டு பல்லால் கடித்துத் துப்பினாள். மிச்சம் உள்ளே சுருண்டு இறங்கியது.

வயிற்றைத் தொட்டாள். சுட்டது. சாக்கின் விலாவில் கை வைத்தே, பிரிக்கும் பதம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுகிற கை அது.

வந்துவிட்டது.

தொப்புளில் ஈரம். பிசுபிசுப்பு. நடுவில் முடிபோல ஒன்று விரலைத் தேடி அசைந்தது. சீ! தன் உடம்பையே தொட அருவருத்து இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் இறுக்கிக்கொண்டாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை உள்ளே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதா? நேற்றுவரை கத்திக்குப் பயந்தவள், கத்தி எப்போது வரும் என்று விடியவிடியத் தவித்துக் கிடந்தாள்.

காலையில் தியேட்டர் வாசலில் மேகலா கேட்டாள். "எதுவும் சாப்பிடலியேம்மா?"

"இல்லைங்க சிஸ்டர்." உதட்டைப் பாதிகூடத் திறக்காமல் சொன்னாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். ஆனால் தலைக்கு மேலே பெரிய விளக்கு இருந்தது. அதன் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

"பயப்படாதீங்கம்மா, வலிக்காது" என்றார் டாக்டரம்மா.

எடுத்துடுங்க, சீக்கிரம் எடுத்துடுங்க என்று அமிர்தம் மனசுக்குள் கெஞ்சினாள்.

கத்தி இறங்கியது. புஸ்ஸென்று ஆவி.

"என்ன வாடை இது? எங்க ஊர்ல விதைச்சாக்கப் பிரிச்சா..." டாக்டரம்மா முடிக்கவில்லை. மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்க் குமட்டினாள். தட்டு ஒன்று கீழே விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை.

அமிர்தம் அண்ணாந்து பார்த்தாள்.

குடல் தெரியவில்லை. கட்டி தெரியவில்லை. வயிறு நிறைய ஒன்றோடொன்று பின்னிய வெள்ளை வேர், கோழை படிந்த உமி. அதற்குள்ளிருந்து வெளிறிய மஞ்சள் முனைகள், நெருக்கமாக. சாக்கைப் பிரித்ததும் முளைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

"தண்ணி" என்றது அவள் வாய். அவள் கேட்கவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் அந்த முனைகள் மெல்லப் பச்சை பிடித்தன. ஒவ்வொன்றாக, விளக்கைப் பார்த்துத் தலை நிமிர்த்தின.