காலர் கேட்ட மன்னிப்பு

நாடாளுமன்ற நிதிக் குழுவில் லியோரா பிங்கஸ் குடிநீர்க் குழாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த கனவான் ஒருவர், “கணக்கு வழக்கை உங்க ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்கணும்!” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய சட்டைக் காலர் மன்னிப்புக் கேட்டது.

“என் சொற்கள் உங்களை எந்த வகையிலாவது புண்படுத்தியிருந்தால் மனமார வருந்துகிறேன்” என்றது காலர். கனவானுடைய குரலேதான். நடுவில் தொண்டைகூட லேசாக அடைத்துக்கொண்டது. கனவான் அதற்குள் பிஸ்கட் தட்டை எட்டிப் பிடித்திருந்தார்.

லியோரா தன் கழுத்தருகே இருந்த பித்தானைத் தொட்டார். ‘பரவாயில்லை’ என்று பதிவாயிற்று. எல்லோரும் குழாய்க்குத் திரும்பினார்கள்.

அந்தப் பித்தானுக்கு வருந்தி என்று பெயர். அணிந்திருப்பவர் பேசுவதை அது கேட்கும். எதிரே இருப்பவரின் வருந்தியிடமிருந்து அவருடைய நாடித்துடிப்பை வாங்கிக்கொள்ளும். துடிப்பு எகிறினால் யாரோ காயப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே அணிந்தவரின் குரலில், தேவையான நடுக்கத்தோடு, ஒரு மன்னிப்பைத் தயாரித்து வெளியிடும். அவர் தன் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டோம் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அரசியலில் நாகரிகம் செத்துவிட்டது என்று நாடெங்கும் புலம்பல் எழுந்தபோது, தாங்கள் நாகரிகம் கற்றுக்கொள்வதைவிட ஒரு பித்தானுக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம் என்று பிரிட்டிஷ் எம்.பி.க்கள் கண்டுகொண்டார்கள். எம்.பி.க்கள் எல்லோரும் வருந்தி அணிய வேண்டும் என்று சட்டம் வந்தது.

நாகரிகம் வந்ததா என்று கேட்காதீர்கள். முன்பெல்லாம் மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை இப்போது தாராளமாக வெளியே விட்டார்கள். அதுதான் காலர் பார்த்துக்கொள்ளுமே.

சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. காயப்பட்டவர் தன் பித்தானைத் தொட்டு மன்னிப்பை ஏற்கும்வரை, காயப்படுத்தியவர் வாக்களிக்க முடியாது; வாக்குக் கூடத்தின் கதவு அவருக்குத் திறக்காது. பத்திரிகைகள் கைதட்டட்டும் என்று சேர்த்த பிரிவு அது. ஏற்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. யாராவது காலை மிதித்தால் மிதிபட்டவரே ‘சாரி’ சொல்லும் ஊர் அது.

லியோராவும் வருடக்கணக்கில் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். மான்செஸ்டரில் திரைச்சீலைக் கடை வைத்திருந்த ஒரு யூதக் குடும்பத்துப் பெண். படிப்பால் நீர்ப் பொறியாளர். மலைச்சரிவில் கிடக்கும் பிராக்ஸ்டன் தொகுதி அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. குழாய், பஸ், ஆஸ்பத்திரி, இந்த மூன்றிலும் அவரை மடக்க அவையில் ஆள் கிடையாது. ஆனால் குழாயைப் பற்றிக் கேட்க எந்தத் தொலைக்காட்சியும் அவரை அழைத்ததில்லை. வெளிநாட்டில் எங்கோ குண்டு வெடித்தால் மட்டும் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டே போடாத, கடல் கடந்த யூத நாட்டின் அரசாங்கத்துக்காக அவர் விளக்கம் தர வேண்டும். கட்சியின் பெயர் கெட்டால் புகைப்படத்தில் முன்வரிசை. படம் எடுத்து முடிந்ததும் பின்வரிசை. ஒருமுறை நல்லிணக்கத் துறைக்குத் துணை அமைச்சராக்கினார்கள். ஓர் அறையும் ஒரு கெட்டிலும் கொடுத்தார்கள். அவரைக் கட்சி மதித்த லட்சணம் இவ்வளவுதான்.

அந்த இலையுதிர்காலத்தில் சிறு ஊர் ஆஸ்பத்திரிகளின் பிரசவப் பிரிவுகளை மூடும் மசோதா வந்தது. பட்டியலில் பிராக்ஸ்டனும் இருந்தது. முந்தைய குளிர்காலத்தில் அதைத் ‘தற்காலிகமாக’ மூடிப் பார்த்திருந்தார்கள். ஜேனட் ஹார்கிரீவ்ஸ் என்ற பஸ் ஓட்டுநருக்கு அப்போது வலி கண்டது. மலைச்சாலை முழுக்கப் பனி. ஆம்புலன்ஸ் அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. லியோரா அவள் வீட்டுக்குப் போய், “இனி இதை மூட விடமாட்டேன், சத்தியம்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அரசியல்வாதிகள் தினமும் செய்யும் காரியம்தான். இவர் அதை நிஜமாகவே சொல்லித் தொலைத்துவிட்டார்.

தலைமைக் கொறடா பேசில் கிரிம்ஷா அவருடைய அறைக்கு வந்தார். கட்சிக்காரர்களை மேய்ப்பது அவர் வேலை. எல்லோரையும் ஆடு என்று நினைப்பது அவர் சுபாவம்.

“மசோதாவுக்கு ஆதரவா ஓட்டுப் போடுங்க. அடுத்த மாசம் சுகாதார அமைச்சர் நீங்கதான்.”

“பிராக்ஸ்டன் பிரசவப் பிரிவு?”

“அதை விடுங்க. உங்களுக்கென்ன கவலை? உங்க ஜனங்க யாரு அங்கே இருக்காங்க? எல்லாரும் லண்டன்ல வசதியாத்தானே இருக்கீங்க.”

அவருடைய காலர் உடனே உருகியது. “சிந்தனையற்ற என் சொற்களுக்காக ஆழ்ந்து வருந்துகிறேன், லியோரா.”

பழக்கதோஷத்தில் லியோராவின் விரல் பித்தான்வரை போயிற்று. அங்கேயே நின்றது. இருபது வருட எரிச்சல் அந்த விரலில் இருந்தது. விரலை மடக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

“என்ன, பேட்டரி போயிடுச்சா?” என்றார் கிரிம்ஷா.

“இல்லை. நீங்க கேளுங்க.”

“கேட்டாச்சே!”

“உங்க காலர் கேட்டுது. பேசில், அடுத்த வாரம் எங்களுக்கு யோம் கிப்பூர், பாவமன்னிப்புக் கேட்கிற நாள். நான் ஒண்ணும் பெரிய பக்திமான் இல்லை. வருஷத்துல அந்த ஒரு நாள் பட்டினி கிடந்து ஜெபக்கூடத்துக்குப் போறதோட என் பக்தி முடிஞ்சுபோகும். ஆனா அதுல ஒரு விதி எனக்குப் பிடிக்கும். கடவுளுக்குச் செஞ்ச தப்பைக் கடவுள்கிட்ட சொல்லிக்கலாம். மனுஷனுக்குச் செஞ்ச தப்பை அந்த மனுஷன்கிட்டேயே நேர்ல போய்த்தான் கேட்கணும். கடவுளாலகூட நடுவுல புகுந்து மன்னிக்க முடியாது. பித்தான் எம்மாத்திரம்?”

“இது மிரட்டல்.”

“இல்லை. மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவேன், அது வேற. இது வேற. நீங்க மனசோட கேட்டா இப்பவே ஏத்துக்கறேன். அப்புறம் தாராளமாப் போய் என் ஆஸ்பத்திரியை மூட ஓட்டுப் போடுங்க.”

கிரிம்ஷா சிரித்துக்கொண்டே போய்விட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்கு நேரமில்லை.

லியோரா அன்றிலிருந்து எந்த மன்னிப்பையும் ஏற்கவில்லை. ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. உணவுக்கூடத்தில் ஒருவர் யூதர்களின் மூக்கைப் பற்றிப் பேசினார். நடைபாதையில் ஒருவர், அவருடைய விசுவாசம் எந்த நாட்டுக்கு என்று கேட்டார். இன்னொருவர், போதுமான அளவு யூத நாட்டுக்கு விசுவாசமாக இல்லையே என்று கோபித்துக்கொண்டார். இருவருடைய காலர்களும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருந்தின. பிரதமர் ஒலிவர் டென்பி அவருடைய தோளைத் தட்டி, “நீங்க யூதர்னு சொன்னாத்தான் தெரியும், அவ்வளவு நல்லாப் பழகறீங்க” என்று பாராட்டினார்.

வாக்கெடுப்பு நாளன்று ஆளுங்கட்சியின் முதல் மூன்று வரிசைகளுக்கும் கதவு திறக்கவில்லை. பிரதமர் தோளால் முட்டிப் பார்த்தார். கதவுக்குப் பிரதமர் என்று தெரியவில்லை.

பிறகு அவர்கள் லியோராவின் அறை வாசலில் வரிசையில் நின்ற காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். லியோரா எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்டார். வருந்தியைக் கழற்றி மேஜையில் வையுங்கள். என்ன சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். அது தப்பு என்று சொல்லுங்கள்.

முதலில் வந்தவருக்கு என்ன சொன்னோம் என்பதே நினைவில்லை. “ஏதாவது சொல்லியிருப்பேன், என்னன்னு நீங்களே சொல்லிடுங்களேன்” என்றார். அடுத்தவர், லியோராவின் சமூகத்தினர் அப்படி உணர்ந்ததற்காக வருந்துவதாகச் சொன்னார். சொன்னதற்கு வருந்தவில்லை, உணர்ந்ததற்கு. கிரிம்ஷா வாசலோடு திரும்பிவிட்டார். கடைசியாகப் பிரதமர் வந்து பித்தானைக் கழற்றி வைத்தார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், வாயைத் திறந்தார். வாய் திறந்தே இருந்தது. வருந்தி வந்த நாளிலிருந்து அந்த வேலையை அவர் வாய் செய்ததில்லை. எங்கே தொடங்குவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பாவம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சொல்ல மாட்டேன்.

“உங்க ஜனங்களோட... அந்த ரொட்டி... எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார் கடைசியில்.

மேஜைமேல் கிடந்த அவருடைய வருந்தி தானாகவே அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டது.

அரை மணி நேரத்தில் டென்பி வழி கண்டுபிடித்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு வழி மட்டும் எப்போதும் கிடைத்துவிடும். மன்னிப்பை ஏற்காமல் வைத்திருப்பது தவறு செய்தவர்களின் மனநிம்மதியைக் கெடுக்கிறது. ஆகவே இனி ஏற்பையும் வருந்தியே வெளியிடலாம். இப்படி ஓர் அவசரத் திருத்தம். எதிர்க்கட்சியும் ஓடிவந்து ஆதரித்தது. அவர்களிடமும் ஏற்கப்படாத மன்னிப்புகள் வந்துவிட்டால் என்ன செய்வது? குரல் வாக்கெடுப்புக்குக் கதவு தேவையில்லை. எல்லோரும் ‘ஆம்’ என்று கத்தினார்கள். ஒரே ஒரு ‘இல்லை’ அதில் அமுங்கிப்போயிற்று.

அடுத்த நொடி, லியோராவின் கழுத்தருகிலிருந்து லியோராவின் குரல் பேசியது.

“பரவாயில்லை, கிரிம்ஷா. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.”

அவர் வாய் மூடியிருந்தது. இருபது வருடம் பொறுத்துக்கொண்டு பேசிய பேச்சிலிருந்து அந்தக் குரலைப் பழக்கியிருந்தார்கள். கனிவான குரல். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போயிற்று. “பரவாயில்லை, ஒலிவர். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னீர்கள்.” லியோரா பித்தானைப் பிய்த்து எறிந்தார். அது தரையில் கிடந்து மற்றவர்களை மன்னித்தது. கதவுகள் திறந்தன. மசோதா நிறைவேறியது. பிராக்ஸ்டன் பிரசவப் பிரிவை அந்த மாதக் கடைசியில் மூட உத்தரவு வந்தது. கட்சி லியோராவை நீக்கியது. நீக்கியதற்காக ஒரு மன்னிப்பும் வந்தது.

யோம் கிப்பூருக்கு முந்தின மதியம் லியோரா ஜேனட்டின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஜேனட் சீருடையிலேயே இருந்தாள், ஷூகூடக் கழற்றவில்லை.

“சத்தியம் பண்ணினேன். காப்பாத்தலை. அவங்களால மனசோட மன்னிப்புக் கேட்க முடியாதுன்னு நெனச்சு, அந்த ஒரு விஷயத்தையே நம்பிட்டேன். வேற எதுவும் செஞ்சு வைக்கலை. தப்பு என்னோடது. என்னை மன்னிக்கணும்” என்றார் லியோரா.

ஜேனட் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“முடியாது.”

“சரி.”

“சரின்னா? அவ்வளவுதானா?”

“எங்க வழக்கப்படி மூணு தடவை வந்து கேட்கணும்.”

“அப்ப வாங்க இன்னும் ரெண்டு தடவை. அதுக்கும் முடியாதுன்னுதான் சொல்லுவேன்” என்று ஜேனட் கதவைச் சாத்தினாள்.

லியோராவுக்கு வாய்விட்டு அழத் தோன்றியது. கூடவே விசித்திரமான ஓர் ஆறுதலும் இருந்தது. எத்தனையோ வருடங்களில் அவர் கேட்ட முதல் உண்மையான பதில் அது.

இதற்கிடையே டென்பி தன் கண்டுபிடிப்பில் மயங்கிப்போயிருந்தார். எம்.பி.க்களுக்கு மட்டும் ஏன்? வீட்டுக்கு வீடு இலவச வருந்தி வந்தது. பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினால் போதும். மூடிய பிரசவப் பிரிவுகளுக்காக அவர் காலர் வருந்தும், நாடு முழுக்கக் காலர்கள் ‘பரவாயில்லை’ என்னும். பத்தில் ஒன்பது பேர் அரசை மனதார மன்னித்துவிட்டதாக ஆய்வுகள் சொல்லின. இவ்வளவு அன்பான மக்களை டென்பி கண்டதே இல்லை. தேர்தலை முன்கூட்டியே அறிவித்தார். ஜேனட் தன் வருந்தியைக் கரண்டி டிராயருக்குள் போட்டு வைத்திருந்தாள். அங்கிருந்தபடியே அதுவும் மன்னித்தது.

லியோரா சுயேச்சையாக நின்றார். பிரசாரத்துக்கு நடுவே ஜேனட்டின் கதவை இரண்டாம் முறை தட்டினார். முடியாது என்ற பதிலையே வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வாக்குச்சாவடியில் மட்டும் யாரும் எதையும் மாற்றவில்லை. அதே மர மறைப்பு, அதே காகிதம், நூலில் கட்டிய அதே பென்சில். பென்சிலுக்கு மன்னிக்கத் தெரியாது.

டென்பியின் கட்சி துடைத்தெறியப்பட்டது. அவருடைய சொந்தத் தொகுதியிலேயே நான்காம் இடம். முடிவு அறிவித்த மேடையில் அவர் வாயைத் திறந்தார். காலர் நடுங்கும் குரலில் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈரமில்லை. ஆனால் அத்தனை காலர்களும் ஒருசேர, “பரவாயில்லை, நீங்கள் உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள்” என்றன. டென்பி கண் கலங்கிக் கைகூப்பினார். எல்லோரும் மன்னித்துவிட்டார்களே, பிறகு ஓட்டு மட்டும் எங்கே போயிற்று என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பிராக்ஸ்டனில் லியோரா ஜெயித்திருந்தார். மறுநாள் காலை மலைச்சாலையில் பஸ்ஸுக்கு நின்றார். வந்த பஸ்ஸை ஓட்டிவந்தவள் ஜேனட்.

“உங்களுக்குத்தான் போட்டேன்” என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி. “போய் ஆஸ்பத்திரியைத் திறக்கிற வேலையைப் பாருங்க.”

லியோராவின் முகம் மலர்ந்தது. “அப்படின்னா, ஜேனட், என்னை...”

“மன்னிக்கலை. அது வேற, இது வேற. இன்னும் ஒரு தடவை பாக்கியிருக்கில்ல? திறந்துட்டு வந்து கேளுங்க, பார்க்கலாம்.” கையை நீட்டினாள். “இப்ப டிக்கெட் எடுங்க.”