எட்டாவது நொடி

காலை ஆறரைக்கு எஸ்கலின் வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டால் சங்குக்குளித் தெருவுக்கு விடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு துணியை எடுத்துப் பிழிவாள், உதறுவாள், கொடியில் போடுவாள். கண் மட்டும் எதிர்வீட்டுக் கதவில் இருக்கும். மனதுக்குள் ஏழு வரை எண்ணுவாள். உடனே முகத்தைத் திருப்பி, வானத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் பார்ப்பாள். அடுத்த துணி. மறுபடியும் ஏழு. ஒரு வாளித் துணி காய்வதற்குள் எதிர்வீட்டில் பால் வாங்கினார்களா, நேற்றைய சண்டை தீர்ந்ததா என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். காய்ந்த துணியையே மறுநாளும் நனைத்து எடுத்து வருகிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய் இல்லை.

ஏழு நொடிதான் கணக்கு. ஒவ்வொரு வாசல்நிலைக்கு மேலும் புளியங்கொட்டை அளவில் ஒரு கண்காவலி பதித்திருக்கிறது. எட்டாவது நொடியும் ஒருவர் பிறர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கிணிங் என்று மணி அடிக்கும். பார்த்தவர் பெயரில் ஒரு குற்றப் புள்ளி ஏறும். மூன்று புள்ளி ஏறினால் தெருமாற்றம்: யாரையும் தெரியாத வேறோர் ஊரில், வேறொரு தெருவில் கொண்டுபோய்க் குடிவைத்துவிடுவார்கள். எஸ்கலினுக்கு ஏற்கெனவே இரண்டு. ஒன்று, ஜெபஸ்தியான் மகள் கையில் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று வாங்கியது. இன்னொன்று, மூலை வீட்டில் ஒரு சோபா இறங்கியபோது. சோபாவுக்காக ஒரு புள்ளியை வீணாக்கியதில் அவளுக்கு இன்றும் வருத்தம்.

இதெல்லாம் மறதிச் சட்டம் வந்த பிறகு வந்தவை. இரண்டு தலைமுறைக்கு முன் மனிதர்களின் ஊர், பேர், நோய், காதல் எல்லாவற்றையும் கம்பெனிகள் கிலோக் கணக்கில் விற்றுத் தின்றதால் ஜனங்கள் கொதித்து எழுந்து வாங்கிய சட்டம். ஒருவரைப் பற்றிய எந்தத் தகவலும் நாற்பது நாளுக்கு மேல் இயந்திரத்திலோ தாளிலோ இருக்கக் கூடாது. வாடகை கட்டிய ரசீது, வீட்டு ஒப்பந்தம், போட்டோ, எல்லாம் நாற்பத்தொன்றாம் நாள் தானாகக் கரைந்துபோகும். விலக்கு மூன்றுக்கு மட்டும்: குற்றப் புள்ளி, நிலுவை வழக்கு, மனித மண்டை. மண்டையைக் கரைக்கும் கருவியை அரசாங்கம் இன்னும் வாங்கவில்லை.

சட்டம் நன்றாகத்தான் ஓடியது, நீலக் காய்ச்சல் வரும்வரை.

மார்ச் முதல் தேதி தூத்துக்குடி அடைக்கப்பட்டது. நகம் நீலமானவர்களை ஆஸ்பத்திரிக்கும், மற்றவர்களை வீட்டுக்குள்ளும் அனுப்பினார்கள். அரசாங்கம் தாராளமாகவே அறிவித்தது: அடைப்புக்கு ஆறு மாதம் முன்பிருந்து குடியிருக்கும் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது, அவர்கள் வாடகையை அரசே கட்டும், மாதாமாதம் படியும் உண்டு. ஆறு மாதம் ஆகாதவர்கள் துறைமுகத்துப் பழைய கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கூரைக்குக் கீழே நானூறு பாய். கிடங்குக்குப் போனவர்களில் நகம் வெள்ளையாகத் திரும்பியவர்கள் குறைவு.

அறிவிப்பை எழுதியவர்களுக்கு ஒன்று தோன்றவில்லை. ஆறு மாதம் குடியிருந்ததை யார், எதை வைத்துக் காட்டுவது? ஊர் முழுக்க நாற்பது நாள் ஞாபகத்தோடு உட்கார்ந்திருந்தது.

சிக்கல் முதலில் விழுந்தது எதிர்வீட்டு வடிவின் தலையில். உப்பளத்தில் உப்பு வாரும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவள், தனியாள், கதவைச் சாத்தியே வைத்திருப்பவள். எஸ்கலின் கொடுத்துவிட்ட மீன்குழம்புக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தந்தாளே தவிர, உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கோபத்தில், வாசலில் கிடக்கும் ஆம்பளைச் செருப்பை வைத்து எஸ்கலின் ஒரு கதை கட்டிவிட்டிருந்தாள். உள்ளே ஒளிந்திருக்கும் புருஷன் அடைப்புக்குள் ஒரு சுற்றுப் பருத்துவிட்டான் என்பதுவரை கதை வளர்ந்திருந்தது.

வீட்டுக்காரர் ஆதிலிங்கத்துக்கு அந்த வீடு காலியாக வேண்டும். காலி வீட்டை நோய்க்காப்பு விடுதிக்குக் கொடுத்தால் மூன்று மடங்கு வாடகை. அவள் வந்து ஆறு மாதம் ஆகவில்லை என்று மனுப் போட்டுவிட்டார்.

விசாரணை தெருவிலேயே நடந்தது. உறைவிட அலுவலர் நஸ்ரின் மூச்சுக்கவசத்தோடு நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரவர் வாசலில் அவரவர் நின்றார்கள். வடிவு தன் படியில், பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டே நின்றாள். பின்னால் கிடங்கு வண்டி.

“கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முந்தி வந்தா, மேடம்,” என்றார் ஆதிலிங்கம். “ரெண்டு பெட்டி, ஒரு பாய். பாவம்னு நாந்தான் சாவியக் குடுத்தேன்.”

“நான் ஆகஸ்ட்ல வந்தேன்,” என்றாள் வடிவு. குரல் எழும்பவில்லை. “மாதா தேர் அன்னைக்கு.”

“கண்ணால பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று அலுவலர் கேட்டார்.

தெரு தன் கால்விரலைப் பார்த்தது. தேர் அன்று எல்லோரும் பனிமய மாதா கோயில் பக்கம் போயிருந்தார்கள். போகாவிட்டாலும் யாருக்குத் தெரிந்திருக்கும்? பக்கத்து வீட்டைப் பார்க்காமலே இருந்து பழகி, பார்க்கவே மறந்துபோன ஜனம்.

வடிவுமேல் எஸ்கலினுக்கு அப்படியொன்றும் பாசம் பொங்கவில்லை. ஆனால் ‘ரெண்டு பெட்டி’ என்பது தொண்டையில் முள்ளாக நின்றது. தன் தெருவில் நடந்ததை, தன் முகத்துக்கு எதிரே, ஒருவர் தப்புத் தப்பாகச் சொல்கிறார். கேட்டுக்கொண்டு நிற்பதற்கு இத்தனை வருஷம் எதற்குத் துணி பிழிந்தாள்?

“மூணு பெட்டி,” என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பியது.

“மூணு பெட்டி, ஒரு பச்சை பீரோ, ஒரு மிக்சி. பீரோவுக்கு ஒரு கால் இல்ல, செங்கல் வச்சுத்தான் நிக்கும். ஆகஸ்ட் அஞ்சு, சாயங்காலம். தேர் திரும்புற வெடிச்சத்தம் கேட்டுச்சு.”

“நீங்க தேருக்குப் போகலயா?”

“முட்டி வலின்னு சொல்லிட்டு வீட்ல இருந்தேன். முட்டி நல்லாத்தான் இருந்துச்சு. காலையிலேயே வீட்டக் கழுவி விட்டாவ. யாரோ வரப்போறாவன்னு தெரிஞ்சுது.”

“மாதாவுக்கே டிமிக்கியா?” என்று ஜெபஸ்தியான் முனகியது தெரு முழுக்கக் கேட்டது.

அலுவலர் பேனாவை வைத்தார். “வேற யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லுங்க. அவங்க ஒத்துக்கிட்டா சாட்சி செல்லும்.”

“மிக்சி மூடி கீழ விழுந்து ஓரத்துல சில்லு தெறிச்சுது. இவ சுத்திமுத்தும் பாத்தா. யாரும் பாக்கலன்னு சில்ல எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. சின்னப் பிள்ளையாட்டம்.”

வடிவு எஸ்கலினை ஒரு கணம் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்து மூடியை உயர்த்திப் பிடித்தாள். ஓரத்தில் சில்லு, பசை போட்டு ஒட்டியிருந்தது.

“எங்கருந்து பாத்தீங்க, எவ்வளவு நேரம்?” என்றார் அலுவலர். “கேக்கணும்மா. படிவத்துல இருக்கு.”

இந்தக் கேள்வி வரும் என்று எஸ்கலினுக்குத் தெரியும். ஏழு நொடி என்று சொல்லிவிடலாம். ஏழு நொடியில் பீரோ இறங்காது.

“மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. அங்க கண்காவலிக்கு எட்டாது. முப்பது நிமிஷம். நடுவுல காபி போடப் போயிட்டு வந்தேன்.”

அலுவலர் எழுதினார். வடிவு ஆறு மாதம் கடந்த குடி, வாடகையும் படியும் அரசுடையது, மனு தள்ளுபடி. கிடங்கு வண்டி வெறுமனே பின்வாங்கித் திரும்பியது. ஆதிலிங்கம் கவசத்தைச் சரிசெய்வதுபோல் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஒரு செருப்பும் இருந்துச்சு, ஆம்பளச் செருப்பு,” என்றாள் எஸ்கலின், பொறுக்கமாட்டாமல். “அது யாரோடது?”

“எங்கப்பாவோடது அக்கா. அவரு போய் நாலு வருஷமாச்சு,” என்றாள் வடிவு. “வாசல்ல அது கெடந்தா வீட்டுக்காரரு ரெண்டடி தள்ளி நின்னு பேசுவாரு.”

எஸ்கலினுக்குப் பருத்த புருஷன் ஒரே நொடியில் இளைத்துக் காணாமல் போனான்.

அலுவலர் நாற்காலியை மடக்கவில்லை. “இது மூணாவது புள்ளிம்மா,” என்றார். “பதினஞ்சு நாள்ல தெருமாற்றம். எனக்கும் பிடிக்கலதான்.”

எஸ்கலின் தலையசைத்தாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள், ஏழு ஏழு நொடியாக. இத்தனை கதையையும் தெரியாத ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

“மேடம்.” கூப்பிட்டது ஜெபஸ்தியான். மகள் ஓடிப்போன செய்தியை அவருக்கு முன்பே தெருவுக்குச் சொன்னவள் என்று மூன்று வருஷமாக எஸ்கலினிடம் பேசாதவர். “நானும் வாடகைக்குத்தான் இருக்கேன். என் ஓனரு நாளைக்கு இதே மனுவப் போட்டா நான் எப்ப வந்தேன்னு எனக்கே சொல்லத் தெரியாது. இந்த மைனிக்குத் தெரியும்.”

“பங்குனில வந்தீங்க,” என்றாள் எஸ்கலின் உடனே. “உங்க வீட்டுக்காரி வீடு பிடிக்கலன்னு வண்டியிலிருந்து எறங்கவே இல்ல.”

கவசத்துக்குள்ளிருந்தே தெரு சிரித்தது. ஜெபஸ்தியானும் சிரித்துவிட்டார். “எழுதிக்கிடுங்க மேடம். எனக்கு இவதான் சாட்சி.”

“எனக்கும்,” என்றது மூலை வீடு. சோபா வீடு.

“எங்களுக்கும்.”

ஒவ்வொரு வாசலிலிருந்தும் கை உயர்ந்தது. அலுவலர் எண்ணினார்: இருபத்தேழு வீடு. படிவத்தைப் பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தில் ஏதோ படித்தார். கவசத்துக்கு மேலே அவர் கண் சுருங்கியது, சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

“இருபத்தேழு வீட்டையும் குடி நிரூபிக்கிற வழக்கா எழுதிக்கிறேன். நிலுவையில இருக்கிற வழக்கோட சாட்சிய, வழக்கு முடியிறவரைக்கும் எடம் மாத்தக் கூடாது. இருபத்தேழு வழக்கு முடிய எங்க ஆபீஸ் வேகத்துக்கு ஒன்பது வருஷம் ஆகும்.” நாற்காலியை மடக்கினார். “அதுவரைக்கும் இங்கதான் இருந்தாகணும் நீங்க.”

சங்குக்குளித் தெருவிலிருந்து ஒருவர்கூடக் கிடங்குக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு தெருக்களில் அப்படி இல்லை. அங்கே எஸ்கலின்கள் இல்லை. மணிச்சத்தத்துக்குப் பயந்து எல்லோரும் நாகரிகமாக இருந்தார்கள். அங்கிருந்து வண்டிகள் நிறைந்து போனதைப் பார்த்த பிறகு, ஊரில் ஒவ்வொரு வீடாகத் திரைச்சீலை விலக ஆரம்பித்தது. காய்ச்சல் இறங்கிய மாதம் உறைவிட அலுவலகம் ‘தெரு நினைவர்’ என்று ஒரு வேலையை அறிவித்தது. எஸ்கலினுக்கு முதல் நியமனம். தகுதி என்ற இடத்தில் என்ன எழுதினார்கள் என்று அவள் யாருக்கும் காட்டவில்லை.

நியமனம் கிடைத்த மறுநாள் காலை ஆறரைக்கு வாளியோடு வந்தாள். துணியை உதறினாள். எதிர்க்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பச்சை பீரோ, செங்கலோடு. எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. பழக்கத்தில் கழுத்து வானத்துக்குத் திரும்பியது.

திரும்பிய கழுத்து பாதியில் நின்றது. எதிர்வீட்டு வாசல்நிலைக்கு மேல், கண்காவலியை மூடிக்கொண்டு ஒரு பழைய ஆம்பளைச் செருப்பு ஆணியில் தொங்கியது.

எட்டு, என்று எண்ணினாள். மணி அடிக்கவில்லை. ஒன்பது, பத்து.

“காபி ஆறுது, அக்கா,” என்று உள்ளேயிருந்து வடிவு கூப்பிட்டாள். “கிட்ட வந்தே பாருங்க.”