மீதி பத்தொன்பது தோட்டாக்கள்

அது வழக்கமான வேட்டுச் சத்தம் இல்லை!

வரிசையில் குப்புறப் படுத்திருந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுத்தார்கள். பன்னிரண்டாவது ஆள் எடுக்கவில்லை.

எடுக்க முடியாது. அவருடைய வலது கண் இருந்த இடத்தில் ஒரு பித்தளைச் சில்லு உட்கார்ந்திருந்தது.

வெர்னன் ஸ்ட்ரௌட். அறுபத்தொரு வயது. ஆயிரம் கஜ தூரப் போட்டியில் ஒன்பது வருடமாக மொன்டானா கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். குறி தப்பிவிடும் என்று பாதுகாப்புக் கண்ணாடியை ஒருநாளும் போடாதவர்.

"யாரும் சுடாதீங்க! எல்லாரும் கையை எடுங்க!" மைதானப் பொறுப்பாளர் கார்ல் அலறினார்.

பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெர்னனின் மனைவி லொரெட்டா நிதானமாக எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். புருஷன் பக்கத்திலிருந்த நீலப் பெட்டியையும் பார்த்தாள்.

"முதல் தோட்டாவே இப்படியா... இன்னும் பத்தொன்பது மீதி இருக்கே" என்றாள்.

அழவில்லை.

நாற்பது நிமிடத்தில் ஷெரீப் ஹாலிஸ் டகெட் புழுதி பறக்க வந்து சேர்ந்தார். அவரும் இதே மைதானத்தில் வருடாவருடம் சுடுகிறவர்தான். வருடாவருடம் இருபத்து மூன்றாவது இடம்!

"கார்ல், யாரும் எதையும் தொடலையே?"

"தொடலை. ஆனா ஹாலிஸ்... காலையிலேருந்தே வெர்னன் சரியில்லை."

"எப்படி?"

"இன்னிக்கு முதல் சுற்றுல லொரெட்டா சுட்டாங்க. இருநூறுக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு! ஆனா அவங்க ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் இந்த மனுஷன் இருபதடி தள்ளிப் போய் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. முப்பது வருஷமா வேட்டுச் சத்தத்துல வாழ்ந்தவரு! எதுக்குய்யா பயப்படணும்?"

ஹாலிஸ் நீலப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து வெயிலில் திருப்பினார்.

பளபள!

அந்தப் பளபளப்புத்தான் தப்பு.

விஷயம் இதுதான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை இவர்கள் எறிய மாட்டார்கள். மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடுவார்கள். சுடச் சுடக் கூட்டின் கழுத்து இறுகிப் போகும். அப்போது கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்க வேண்டும். அடிப்பாகம் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அடியும் இளகிவிட்டால் வெடி பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுடுகிறவன் முகத்துக்கே வரும். ஒழுங்காகத் தீயில் காட்டிய கூட்டில் கழுத்தோரம் ஒரு நீல வளையம் தெரியும். அதை யாரும் அழிப்பதில்லை. வேலை சரியாக நடந்ததற்கு அதுதான் சாட்சி.

இந்தத் தோட்டாக்களில் வளையமே இல்லை. யாரோ தேய் தேய் என்று தேய்த்திருக்கிறார்கள்.

அடிவரைக்கும் ஓடிய நிறத்தை மறைக்க!

"லொரெட்டா, கொஞ்சம் வாங்க."

வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. விரல் நுனியெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு.

"உங்க வீட்டுல பித்தளையைத் தீயில காட்டுறது யாரு?"

"நான்தான். ஒன்பது கோப்பைக்கும் நான்தான் காட்டினேன். கோப்பையில பேர் மட்டும் அவரோடது."

"தண்ணித் தட்டுல நிக்க வெச்சுத்தானே?"

"நான் தண்ணி இல்லாம எதையும் தீயில காட்டினதில்லை, ஹாலிஸ்."

"இதைத் தீயில காட்டினவங்க தட்டுல சொட்டுத் தண்ணி ஊத்தலை. காட்டுறது உங்க வேலைன்னு ஊருக்கே தெரியும். கொலைக் கேஸு... புரியுதா?"

லொரெட்டா சிரித்தாள். குளிர்ச்சியான சிரிப்பு.

"ஷெரீப்பா இருக்கறதைக் கொஞ்சம் மறந்துட்டு, சுடறவனா யோசி. அந்தத் தோட்டாவோட அடியை லேசாத் தட்டு."

தட்டினார்.

அடியில் பொருத்தியிருந்த, மருந்துக்குப் பொறி வைக்கும் சின்னப் பிரைமர் மூடி கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது!

"இறுக்கமே இல்லை, பார்த்தியா? அடி இளகிப் போச்சு. அதைப் பொருத்தறது யாரு தெரியுமா? அவரு. தன் கட்டைவிரலைத் தவிர வேற யாரையும் நம்ப மாட்டாரு. தலைமுடி அளவு வித்தியாசத்துக்கு என்னை நாயைத் திட்டற மாதிரி திட்டுவாரு. அந்த விரலுக்கு இருபது தடவை இது தெரியாமப் போயிருக்குமா?"

ஹாலிஸ் அந்த மூடியை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"அப்போ... வெர்னனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"தெரியறதாவது? செஞ்சதே அவர்தான்."

"யாருக்காக?"

"நேத்துச் சாயந்திரம் அவரைவிட ஒரு பாயின்ட் முன்னால இருந்தவ யாரு?"

காற்று விழுந்தது. தூரத்துக் கொடிகள் துவண்டு தொங்கின.

"இன்னிக்குக் காலையில டிரெய்லர்ல எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாரு, ஹாலிஸ். முப்பத்து மூணு வருஷத்துல முதல் தடவையா! சர்க்கரை வேற! அப்பவே எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. அப்புறம் ஒரு நீலப் பெட்டியை நீட்டினாரு. மூடியில சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர். 'இது உனக்கு ஸ்பெஷலா நிரப்பினது. உன் குப்பையை விட்டுட்டு இதைச் சுடு, செல்லம்'னாரு."

"செல்லமா?"

"அதான் சொல்றேன்!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"இன்னொருத்தர் நிரப்பின தோட்டாவைச் சுடாதே... துப்பாக்கியைத் தொட்ட முதல் நாள் உனக்கும் எனக்கும் சொன்ன விதி அதுதானே? பெட்டியைத் திருப்பி அவர் பெஞ்சுலயே வெச்சேன். அப்படியே, கை படாம. என்னோடதை நான் சுட்டேன். அவரோடதை அவரு சுட்டாரு. இதுல நான் எங்கே வர்றேன்?"

எங்கேயும் வரவில்லை!

தீயில் காட்டியது அவன். நிரப்பியது அவன். விசையை இழுத்தவனும் அவன். எந்த ஜூரியும் இந்தப் பெண்ணைத் தண்டிக்காது. ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க. வீட்டுக்குப் போங்க. நல்லாத் தூங்குங்க."

"தூங்குவேன். குறட்டை விட ஆள் இல்லையே!"

அவள் நாற்காலியை மடக்கினாள். பையைத் தோளில் மாட்டினாள். பை கனத்துச் சாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு நீலப் பெட்டி நழுவி ஹாலிஸின் காலடியில் விழுந்தது.

எடுத்துக்கொடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

மூடியில் சிவப்புப் பொட்டு!

அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து வெர்னனின் பெட்டியைப் பார்த்தார். அதில் பொட்டு இல்லை. கையிலிருந்த பெட்டியைத் திறந்தார். இருபது தோட்டாக்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அழகான நீல வளையம். ஒன்றன் அடியைத் தட்டினார். பிரைமர் அசையவில்லை.

நல்ல தோட்டாக்கள். வெர்னன் தனக்காக நிரப்பி வைத்தவை!

"மிஸஸ் ஸ்ட்ரௌட்." இப்போது குரல் ஷெரீப்புடையது. "பொட்டு வெச்ச பெட்டியைக் கை படாமத் திருப்பி வெச்சேன்னு சொன்னீங்க. அப்புறம் பொட்டு எப்படி இதுக்கு வந்துச்சு?"

அவள் பையின் வாயை இழுத்து மூடினாள்.

"நான் சொல்லட்டுமா? காப்பியைக் குடிச்சிட்டு, நீங்களும் ஒரு தோட்டாவைத் தட்டிப் பார்த்தீங்க. மூடி ஆடுச்சு. புரிஞ்சுபோச்சு. பொட்டைப் பிச்சு அவரோட நல்ல பெட்டியில ஒட்டி உங்க பெஞ்சுல வெச்சீங்க. பொட்டு இல்லாத எமனை அவர் பெஞ்சுல வெச்சீங்க. 'உங்களோடதை நான் சுடலை, இதோ இருக்கு'ன்னு பொட்டைக் காட்டியிருப்பீங்க. அவரும் நம்பிப் படுத்தாரு."

"திட்டிக்கிட்டே, தோட்டாவைக்கூடப் பார்க்காமத்தான் படுத்தாரு" என்றாள் லொரெட்டா. "நன்றி கெட்டவளாம் நான்."

"இந்தப் பெட்டியைத் தூக்கி எறிஞ்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்! ஏன் எறியலை?"

அவள் அவரை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நான் கழுத்து சுட்ட பித்தளைடா அது! ஒவ்வொண்ணா எடை போட்டுப் பொறுக்கினது. நல்ல கூடு இருபது... நீயா இருந்தா எறிவியா?"

ஹாலிஸ் யோசித்தார். எறிய மாட்டார்.

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே! அவரை அப்பவே உள்ளே போட்டிருப்பேன்!"

"சொல்லியிருந்தா போட்டியை நிறுத்தியிருப்பே. நூத்தித் தொண்ணூத்தெட்டு சுட்டிருக்க முடியுமா?"

விலங்கு வெளியே வந்தது. கார்ல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். புருஷனின் உடலைத் துணி போட்டு மூடி வண்டியில் ஏற்றினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திரும்புங்க. கை ரெண்டையும் பின்னால கொண்டு வாங்க."

"முன்னால மாட்டு, ஹாலிஸ்."

"ஏன்?"

"ஸ்கோர் அட்டையில கையெழுத்துப் போடணும். அவருக்கு முட்டை... கோப்பை எனக்கு!"