தலை வெட்டிய கடிதம்

திருக்கோகர்ணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியகருப்பனுக்கு ஒரு குணம். ஊரில் எது நடந்தாலும் குற்றவாளி யாரென்று முதலில் சொல்லிவிடுவார். என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் கேட்பார். ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு புதன்கிழமை காலையில் சூசைமேரி டீச்சர் கடைக்குள் நுழைந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று.

"தங்கமுத்து ஐயா இங்கிட்டுத்தான் இருப்பாங்கன்னு சொன்னாங்க." ஆவூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

தங்கமுத்து மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தபாலாபீசில் முப்பது வருஷம் கடிதம் பிரித்து அடுக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். ஊரில் சிக்கல் என்றால் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் வருவார்கள்.

"என் தம்பி சவரிநாதனைக் காலேஜை விட்டுத் தள்ளப் போறாங்கய்யா. இன்னைக்கு நாலு மணி வரைக்கும்தான் கெடு."

"உடையப்பன் பய வேலைதான்!" என்றார் பெரியகருப்பன்.

"கருப்பா, அந்தம்மா இன்னும் சொல்லி முடிக்கலை."

டீச்சர் சொன்னாள். மாணவர்கள் கட்டும் காலேஜ் சம்பளத்தை டெர்முக்குப் பதினைந்து ரூபாய் ஏற்றிவிட்டார்கள். குறைக்கச் சொல்லி மனுக் கொடுப்பேன் என்று சவரிநாதன் மாணவர் சங்கச் செயலாளர் பதவிக்கு நிற்கிறான். எதிர்த்து நிற்பவன் உடையப்பன். வெள்ளிக்கிழமை தேர்தல். இதற்கிடையில் சவரிநாதன் தன் ஊர்ச் சிநேகிதனுக்கு எழுதியதாக ஒரு கடிதம் காலேஜ் வராந்தாவில் கிடந்திருக்கிறது. சம்பளத்தைக் குறைக்காவிட்டால் ஆபீசுக்குத் தீ வைக்கப் போவதாக அதில் இருக்கிறதாம்.

"அப்படிப் பேரு கெட்டு வெளியே வந்தா வேற எந்தக் காலேஜுல சேர்ப்பாங்க? அவன் பி.ஏ. முடிப்பான்னுதான் நான் கல்யாணங்கூட வேணாம்னு இருக்கேன்."

"அவன் உங்களுக்கு எழுதின லெட்டர் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார் தங்கமுத்து. கைப்பையில் ஒரு கார்டு இருந்தது. வாங்கித் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு மூவரும் பிரின்சிபால் அறையில் நின்றார்கள். பிரின்சிபால் கோபக்காரர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. கடிதத்தை எடுத்து நீட்டினார். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். மேலே ஒரு சிலுவை, அதன் கீழே 'இயேசு துணை'. பிறகு தீ வைக்கிற விஷயம். தாளின் மேல் ஓரத்தைக் கத்தரிக்கோலால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தார்கள்.

"கையெழுத்து இவனுதுதான்," என்றார் பிரின்சிபால். சவரிநாதன் மூலையில் வெளிறிப்போய் நின்றான்.

"கையெழுத்தைப் பார்த்து எழுதலாமுங்களே," என்றார் தங்கமுத்து. "தம்பி, உன் நோட்டு யார்கிட்ட இருந்துச்சு?"

"ஹிஸ்டரி நோட்டு போன வாரம் பூரா உடையப்பன் ரூம்ல இருந்துச்சுங்க. அவனும் முத்துராமனும்தான் அந்த ரூம்ல இருக்காங்க. வேற யாருக்கும் நான் குடுக்கலை."

பெரியகருப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். "நான் காலையிலேயே சொன்னேன்ல?"

இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். உடையப்பன் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். ஆனால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, காலேஜில் கடவுள் வாழ்த்துப் பாடினால் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவன். முத்துராமன் அவனுக்காக வகுப்பு வகுப்பாக ஓட்டுக் கேட்பவன். நெற்றியில் திருநீறு, கையில் இரண்டு புத்தகங்கள்.

"ஆளுக்கொரு தாள்ல 'அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை'ன்னு எழுதிக் குடுங்க தம்பி," என்றார் தங்கமுத்து.

உடையப்பன் கோபத்தோடு ஒரே மூச்சில் எழுதி நீட்டினான். முத்துராமனும் எழுதினான். தங்கமுத்து இரண்டையும் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார்.

"ஐயா, கார்டுல இருக்கிறதைப் படிக்கக் கூடாதுதான். ஆனா முப்பது வருஷம் கண்ணைக் கட்டிக்கிட்டா வேலை பார்க்க முடியும்? ஆவூர்ப் பக்கத்து வேதக்காரங்க, அதான் கத்தோலிக்கக் கிறிஸ்தவங்க, கார்டு ஆயிரக்கணக்குல பார்த்திருக்கேன். 'சேசு'ன்னுதான் எழுதுவாங்க. 'இயேசு'ன்னு ஒருத்தர் எழுதினதில்லை. இந்தாங்க, இவன் அக்காவுக்கு எழுதினது. 'சேசு மரி சூசை'. சாமி பேரையா மாத்தி எழுதுவான்?"

பிரின்சிபால் கார்டையும் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். டீச்சரின் கை கழுத்துச் சிலுவையைப் பற்றிக்கொண்டது.

"அப்ப உடையப்பன்தானே?" என்று பெரியகருப்பன் குறுக்கே விழுந்தார்.

"சும்மா இரு கருப்பா. தாளோட தலையை ஏன் வெட்டணும்? அங்கன எழுதினவன் கை தன்னால எதையோ போட்டிருச்சு. இப்ப எழுதின தாளைப் பாரு. உடையப்பன் எடுத்த எடுப்புல விஷயத்துக்கு வந்துட்டாரு. முத்துராமன் தாள்ல?"

பெரியகருப்பன் குனிந்து பார்த்தார். மேலே நடுவில் அழகான பிள்ளையார் சுழி.

"எல்லாருந்தான் போடுவாங்க!" என்றான் முத்துராமன்.

"போடுவாங்க தம்பி. நானும் போடுவேன். அதனாலதான் ஒண்ணு கேக்குறேன். பிள்ளையார் சுழி போட்ட துண்டைக் குப்பையில போட எனக்கு மனசு வராது. கால்ல மிதிபடுமே. ஒனக்கு வந்துச்சா?"

முத்துராமனின் பார்வை, அவன் தடுக்கும் முன்பே, கையிலிருந்த புத்தகத்துக்குப் போய்விட்டது. தங்கமுத்து கை நீட்டினார். புத்தகத்தின் நடுவில், விபூதிப் பொட்டலத்தோடு, பிள்ளையார் சுழி போட்ட ஒரு விரல் அகலத் துண்டு. கடிதத்தின் தலையில் வைத்ததும் வெட்டு வெட்டோடு பொருந்தியது.

"இவன் ஜெயிக்கணும்னுதாங்க செஞ்சேன்," என்று முத்துராமன் அழுதே விட்டான்.

"அடப்பாவி! இப்படி ஜெயிச்சு அந்த நாற்காலில நான் எப்படிடா உக்காருவேன்?" என்று உடையப்பன் சீறினான். பிறகு சவரிநாதனிடம் வந்தான். "எங்க ரூம்ல இருந்துதானே போச்சு. மன்னிச்சுக்க. தேர்தல் எப்படியும் போகட்டும், மனுவுல ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம்."

சூசைமேரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. உடையப்பன் முகத்தைப் பார்க்கவே பெரியகருப்பனுக்கு வெட்கமாக இருந்தது.

பிரின்சிபால் கடிதத்தைக் கிழித்தார். "முத்துராமனை என்ன செய்யலாம், நீயே சொல்லு," என்றார் சவரிநாதனிடம்.

சவரிநாதன் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

"தள்ள வேணாங்க. அவன் வீட்டுலயும் யாராச்சும் இருப்பாங்க. என் கையெழுத்தை அவ்வளவு அழகா எழுதினவன், சம்பள மனுவையும் அவனே எழுதித் தரட்டும். அவன் சொந்தக் கையெழுத்துல."

"எழுதிட்டு வாங்க, படிக்கிறேன்," என்றார் பிரின்சிபால்.

வராந்தாப் பெஞ்சில் முத்துராமன் புதுத்தாளை விரித்துப் பேனாவைத் திறந்தான். கை பழக்கத்தில் சுழியைப் போட்டுவிட்டது. பதறிப்போய், வலப்பக்கம் நின்ற கறுப்புச் சட்டையையும் இடப்பக்கம் நின்ற ஆவூர்க்காரனையும் நிமிர்ந்து பார்த்தான்.

சவரிநாதன் சிரித்தான். "இருக்கட்டும்டா. இந்தத் தடவை வெட்டாத."