மூன்றாவது வண்டி

பூச்சி மருந்துப் புகை போட்டு தெளிவான பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அடைத்திருந்த, புதிதாக வந்த மூன்று வண்டிகளில், நீளமான காரின் பின்கண்ணாடியில் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அருங்காட்சியகப் பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆவிதான். யாரோ உள்ளே மூச்சு விட்டதுபோல.

விநோத வாகனங்களின் கூடத்துக்குக் காலையில்தான் அவை வந்திருந்தன: தண்ணீரில் மிதக்கும் கார், ஒரே ஆள் உட்காரக்கூடிய முட்டைக் கார், படுக்கையும் திரைச்சீலையுமாக இந்த நீளக் கார். பழைய தோலிலும் மரத்திலும் பூச்சி இருக்கும். அதனால் வந்தவுடன் புகை. புகைக்கு முன்னால் ஒவ்வொரு கதவையும் திறந்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். அவரே போட்ட விதி. இரண்டு வண்டிகளில் கேட்டார். மூன்றாவதன் கதவில் கை வைத்தபோது, வண்டிகளைப் பார்க்க வந்திருந்த விருந்தினர்களில் ஓர் அம்மாள், "பேய் ஏதாவது பதில் சொல்லுமா சார்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. கேட்காமலேயே புகைக் குழாயைத் திறந்துவிட்டார்.

அதற்குச் சற்று முன்பு இன்னொரு வெட்கம். கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் அவருடைய சொந்த அண்ணன். அது இங்கே யாருக்கும் தெரியாது. ஈரத் துணியும் வாளியுமாக அண்ணன் விருந்தினர் நடுவே வந்து நின்று, "தம்பி, கண்ணாடியெல்லாம் துடைச்சிட்டேன்பா" என்றார். யாரும் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. பொறுப்பாளருக்குத்தான் காது சுட்டது. ஓரமாக இழுத்துப் போய், "கொஞ்ச நேரம் யார் கண்ணுலயும் படாம இருங்கண்ணே" என்றார்.

"சரிப்பா." அண்ணன் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதை இப்போது நினைக்கையில் உடம்பெல்லாம் கூசியது.

கைபேசி அதிர்ந்தது. அண்ணி.

"அண்ணன் சாப்பிடக்கூட வரல. உங்க கூடத்தான் இருக்காரா?"

"இங்கதான் எங்கயாவது இருப்பாரு அண்ணி."

பக்கத்து அறையில் விருந்து நடந்துகொண்டிருந்தது. பீங்கான் தட்டுகளின் சத்தம், அருங்காட்சியக இயக்குநரின் பெரிய சிரிப்பு, கூடாரத்தின் தையல் வழியே கசியும் கசந்த மருந்து நெடி. காரின் திரைச்சீலை லேசாக அசைந்தது. கத்த வேண்டும். கத்தினால் ஓடி வருவார்கள். யார் என்று கேட்பார்கள். என் அண்ணன் என்று சொல்ல வேண்டும்.

நின்றார். திரைச்சீலை அசைவது அடங்கும்வரை நின்றார்.

பிறகுதான் முகமூடியை மாட்டிக்கொண்டு கூடாரத்தைக் கிழித்தார். கதவைத் திறந்தார்.

அண்ணன்.

படுக்கையின் மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன்னால் முடிந்த மட்டும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பொறுப்பாளர் அவர் கையைப் பிடித்தார். நாடி துடிக்கவில்லை.

வாசலில் இயக்குநர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. "ஐயோ! யாருய்யா அது?"

பொறுப்பாளரின் வாய் திறந்தது.

"கூட்டுற ஆள் சார். பேர் தெரியல."

கீச்.

மிதக்கும் காரின் ஜன்னல். வெண்ணிற ஆவிக்குப் பின்னால் ஒரு துணி. வட்டம் வட்டமாக. நிதானமாக. அண்ணன் துடைக்கிற மாதிரியே.

அண்ணனின் கை இன்னும் இவர் கைக்குள்தான் இருந்தது. அசைவில்லாமல்.

கீச். முட்டைக் காரிலும்.

துடைத்த வட்டத்தில் ஒரு நெற்றி வந்து ஒட்டியது. பிறகு கண்கள். தம்பியையே பார்க்கும் கண்கள்.