கூட்டேரிப்பட்டில் ஒரு கப்பல் அறை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இடது கைப்பக்கம் அந்தக் கட்டிடம் பாதி முடிந்து நின்றது. கீழே ஓட்டல், மேலே தங்கும் அறைகள். ரஞ்சித் அங்கே சூப்பர்வைசராகப் போய்ச் சேர்ந்தது ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு பை, ஒரு பாய், போனுக்குச் சார்ஜர். அவ்வளவுதான் கொண்டுபோனான்.

அவன் மனைவி புனிதா மாசியில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். இப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த அவர்கள் பாப்பா, காணை கிராமத்தில் அவன் அக்கா பாஞ்சாலியிடம் வளர்ந்தது. பாப்பாவுக்கு நெற்றியும் புருவமும் அப்படியே புனிதா. அதைப் பார்க்கத் தெம்பில்லாமல், ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு வேலையைக் காரணம் சொல்லி ஊர்ப்பக்கம் போகாமலிருந்தான்.

அக்கா போனில் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“எதிர் வூட்டுக்காரரைப் பாத்து அப்பான்னுது பாப்பா. அப்புறம் உன் இஷ்டம்.”

மேல்மாடியில் ஒரு அறை பாக்கியிருக்கிறது, அது முடிந்த மறுநாளே வந்து பாப்பாவைத் தூக்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

அந்த அறை ஒரு கப்பல் அறை.

கட்டிடத்தின் முதலாளி வல்லரசுவுக்கு யோசனைகள் அதிகம். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்து தங்கவும் படம் எடுத்துக்கொள்ளவும் ஒரு நிஜக் கப்பல் அறையைத் தன் மாடியில் வைத்துவிட்டால், பாண்டிச்சேரி போகிற காரெல்லாம் இங்கே நிற்கும் என்பது அவர் கணக்கு. கோட்டக்குப்பத்தில் பழைய கப்பல் சாமான் வியாபாரம் செய்கிற ஜகபர் சாதிக் பாயிடம் சொல்லிவைத்தார். ஒரு முழு அறையும் லாரியில் வந்து இறங்கியது. கட்டில், அலமாரி, கண்ணாடி மேசை, வட்ட ஜன்னல், சுவரை மூடுகிற மரப்பலகைகள், உயர்ந்த நிலைப்படியோடு கூடிய கதவு. எல்லாவற்றிலும் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

டீ குடித்துக்கொண்டே பாய் அந்தக் கப்பலின் கதையைச் சொன்னார். ஒரு காலத்தில் சமுத்திரம் விட்டு சமுத்திரம் ஆட்களை ஏற்றிப் போனது. வயசான பிறகு எங்கோ ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டு ஓட்டலாக நடத்தினார்கள். அதுவும் படுத்துவிட்டது. உள்ளே இருந்த சாமான்களை ஏலத்தில் விற்றுவிட்டு, வெறும் கூட்டை உடைப்பதற்காக இழுவைக் கப்பலில் கட்டி குஜராத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் புயலில் வடம் அறுந்தது. அதோடு சரி. முழுகிப்போச்சு என்கிறவன் உண்டு. இன்னும் தானாக மிதந்துகொண்டிருக்கிறது என்கிறவனும் உண்டு.

“ஆள் இல்லாத கப்பல்தானே பாய்?” என்று ரஞ்சித் கேட்டான்.

பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

“காயிதத்துல ஆள் இல்ல தம்பி.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். லாரியோடு கிளம்பிவிட்டார்.

கழற்றி வந்த அறையை மாடியில் பொருத்துகிற வேலை சவுரிராயனுடையது. ரஞ்சித்தைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த தச்சர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். நாள் முழுக்க அந்த அறைக்குள்ளேயே கிடந்தார். சாப்பாட்டுக்கோ டீக்கோ காரிடாரில் நின்று ரஞ்சித் “சவுரிண்ணா, வாங்க” என்று குரல் கொடுப்பான். உள்ளேயிருந்து “வர்றேன்” என்று பதில் வரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும்.

முதலில் கோளாறு செய்தது மேசையின் இழுப்பறைகள்தான். கப்பல் ஆட்டத்தில் தானாகத் திறந்துகொள்ளாதபடி அவற்றுக்கு ஒரு தடுப்பு உண்டு. லேசாகத் தூக்கி, பிறகுதான் இழுக்க வேண்டும். ஆனாலும் ஒரு காலையில் எல்லா இழுப்பறையும் பாதி வெளியே வந்து நின்றன. மூடிவிட்டு டீ குடித்துத் திரும்பினால் மறுபடியும் அப்படியே.

சவுரிராயன் தரையைச் சந்தேகப்பட்டார். கொத்தனாரிடமிருந்து டியூப் லெவலை வாங்கி வந்தார். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றியிருக்கும். இரண்டு முனையையும் இரண்டு சுவரில் பிடித்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். காரிடாரில் பிடித்துப் பார்த்தார்கள். நின்றது. அறைக்குள் கொண்டுபோய்ப் பிடித்தார்கள்.

தண்ணீர் நிற்கவில்லை.

ரஞ்சித்தின் முனையில் மெல்ல ஏறியது. சற்று நின்றது. பிறகு இறங்கியது. இறங்க இறங்க எதிர்ச்சுவரில் சவுரிராயனின் முனையில் ஏறியது. தூங்குகிறவனின் வயிறு ஏறி இறங்குவது போல இருந்தது.

“இன்னும் கடல் நெனப்புலயே கீது தம்பி,” என்றார் சவுரிராயன், வெளியே தெரிந்த வேர்க்கடலை வயலைப் பார்த்தபடி. “நாலு நாள் மல்லாட்டைக் கொல்லைக் காத்து பட்டா சரியாப் பூடும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ரஞ்சித்தும் சிரித்தான். ஆனால் இருவருமே குழாயைச் சுருட்டிக்கொண்டு காரிடாருக்கு வந்த பிறகுதான் சிரித்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் கரண்ட் போனது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காரிடார் முழுக்க ஈரச் சிமெண்டு வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. துருவும் உப்பும் நனைந்த கம்பளியும் சேர்ந்த வாடை. கப்பல் அறையின் கதவு சாத்தியிருந்தது.

“சவுரிண்ணா, வாங்க. சாப்புடலாம்.”

“வர்றேன்.”

ரஞ்சித் இலையைப் பிரித்துவைத்துவிட்டுக் காத்திருந்தான். சோறு ஆறியது. மறுபடி கூப்பிட்டான்.

“வர்றேன்.”

கீழே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குழம்புப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டபடி சவுரிராயன் ஏறி வந்தார்.

கடையில் ஒரே கூட்டம் என்றார். ரஞ்சித்தின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

உள்ளேயிருந்து, யாரும் கூப்பிடாமலே, அது மூன்றாவது முறையாகச் சொன்னது.

“வர்றேன்.”

சவுரிராயன் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

“வார்த்தை என்னுது தம்பி,” என்று கிசுகிசுத்தார். “கொரல் என்னுது இல்ல.”

வேறு என்ன பேசத் தெரியும் அதற்கு? அந்த அறைக்குள் திரும்பத் திரும்ப வந்து விழுந்த வார்த்தைகள் இரண்டுதான். வாங்க, வர்றேன். கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறது.

சவுரிராயன் அன்று வேலையை அத்தோடு விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார். ரஞ்சித் போகவில்லை. பயப்பட வேண்டிய மனிதன் பயப்படாமல் உட்கார்ந்திருந்தான். மாசிக்குப் பிறகு அவனுக்குள் எதுவும் அசைந்ததில்லை. இப்போது ஒன்று அசைந்தது. செத்துப்போன யாரோ ஒருவர் அங்கே இருக்க முடியும் என்றால், அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா?

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் அந்தக் கதவின் முன்னால் போய் நின்றான். உள்ளங்கையை மரத்தில் வைத்தான். மரம் சில்லென்று இருந்தது.

“புனிதா?”

கதவுக்குப் பின்னால் தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நீயா இருந்தா வா,” என்றான். “வந்துடு.”

அலம்புகிற சத்தம் நின்றது.

பிறகு, அவன் கை இருந்த இடத்துக்கு நேராக, மரத்தின் மறுபக்கம் வாயை வைத்துச் சொன்னது போல வந்தது.

“வர்றேன்.”

ரஞ்சித் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

புனிதா ஒரு நாளும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்த நாளிலும் “வர்றேங்க” என்றுதான் சொல்வாள். அந்த ‘ங்க’ இல்லை.

அது புனிதா இல்லை.

யார் என்று தெரியாத ஒன்றை, வா என்று தன் வாயாலேயே கூப்பிட்டிருந்தான்.

பயம் அப்போதுதான் வந்தது. எத்தனையோ மாதமாக வராமலிருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது போல வந்தது. இறங்கி ஓடி, எதிர்ப்புற டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தவன் விடிகிற வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. பாப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அதைப் பார்க்காமலே செத்துவிடுவோமோ என்றிருந்தது. பார்க்க வேண்டும் என்று முதல் முறையாகத் தோன்றியது.

காலையில் வல்லரசுவுக்குப் போன் செய்தான். அவர் முதலில் சிரித்தார். பிறகு தானே மாடியேறி வந்து கதவைத் திறந்து பார்த்தார். கட்டில், அலமாரி, மேசை எல்லாம் தெற்குச் சுவரில் போய் ஒன்றின் மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. நேற்று வரை அறை ஏறி இறங்கிக்கொண்டாவது இருந்தது. இன்று ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது. தரையில் வைத்தால் உருளக் கூடாத சுத்தியல் அந்தச் சுவரை நோக்கி உருண்டது. வல்லரசு கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் இன்றைக்கே கழற்றி ஷெட்டில் போடு, பாயை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றார். காரில் ஏறுகிற வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சவுரிராயனை ரஞ்சித் கெஞ்சித்தான் வரவழைத்தான். கழுத்தில் ஜெபமாலையோடு வந்தார். ஒருவர் உள்ளே கழற்ற, ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று ஏற்பாடு. யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. தேவையானால் சுவரில் தட்ட வேண்டும்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அலமாரியும் கதவும் மட்டும் பாக்கி. மழை வலுத்தது. சவுரிராயன் அலமாரியின் கடைசித் திருகாணியில் இருந்தபோது, ரஞ்சித்தின் கையைப் பிய்த்துக்கொண்டு கதவு அடித்துச் சாத்தியது.

உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் தோள் உயரத்தில். பிறகு அதற்கும் மேலே. பிறகு கதவின் உச்சியில்.

ஒரு மனிதன் மேலே மேலே மிதந்துகொண்டே தட்டுவது போல.

ரஞ்சித் கதவு நிலையில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். கதவுக்குப் பின்னால் ஒரு ஏரியே நிற்பது போலக் கனத்தது. கத்தினான். யாரைக் கூப்பிடுகிறோம் என்ற நினைவில்லாமல் கத்தினான்.

“வாங்க! வெளியே வாங்க!”

கதவு திறந்துகொண்டது.

சவுரிராயன் வந்து அவன் மேல் விழுந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொப்பளித்தது. அவருக்குப் பின்னால் அறை காய்ந்து கிடந்தது. மரத்தூள் கூட நனையவில்லை.

அந்தக் காய்ந்த தரையின் அடியிலிருந்து, ரொம்பத் தூரத்திலிருந்து வருவது போல, நிதானமாக ஒரு குரல் வந்தது.

“வர்றேன்.”

அதன் பிறகு எல்லாம் அடங்கியது. உருண்டு ஓடிய சுத்தியலை எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தார்கள். வைத்த இடத்திலேயே கிடந்தது. டியூப் லெவலைப் பிடித்தார்கள். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நின்றது.

எங்கோ ஒரு கடலில் அந்தக் கப்பல் கடைசியாக முழுகிவிட்டது என்று இருவருக்கும் பட்டது. சவுரிராயன் சிலுவை போட்டுக்கொண்டார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

“சொல்லிக்கினு பூடுச்சு தம்பி. போறவங்க எவன் போறேன்னு சொல்றான்? வர்றேன்னுதான சொல்லுவாங்க.”

அது சரியாகத்தான் பட்டது. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் விடைபெறுகிறார்கள். ரஞ்சித்துக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும், வந்து சேர்ந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் வானம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடித்தது. விழுப்புரத்தில் இறங்கி பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு காணை டவுன் பஸ்ஸில் ஏறினான். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அவன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது. கூடையோடு வந்த ஒரு அம்மாள் அதில் உட்காரப் போனாள். கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஈரமா கீது” என்று முகத்தைச் சுளித்தபடி நகர்ந்து போனாள். நேற்றைய மழை ஜன்னல் வழியாக இறங்கியிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பாஞ்சாலி வாசலுக்கு வந்து வாடா என்று கூடச் சொல்லவில்லை. பாப்பாவைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பாப்பா அவன் முகத்தைப் பார்த்தது. நெற்றியும் புருவமும் புனிதா. இந்தத் தடவை அவன் கண்ணை எடுக்கவில்லை. பாப்பா அவன் மீசையைத் தொட்டுப் பார்த்தது. யோசித்தது.

“ப்பா,” என்றது.

அவன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, கூடத்தின் நடுவில் அப்படியே நின்றான். பாப்பாவின் உடம்புச் சூடு நெஞ்சில் இறங்கியது. இதற்காகத்தான் பிழைத்து வந்தோம் என்றிருந்தது.

தோளின் மேலே பாப்பா நிமிர்ந்து வாசலைப் பார்த்தது. மழலையில், ஆனால் தெளிவாகச் சொன்னது.

“வாங்க.”

அடுப்படியிலிருந்து பாஞ்சாலியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று இந்த வாரம்தான் பழக்கியிருக்கிறாளாம். ஆள் வந்தால் மட்டும்தான் சொல்லும், சும்மா சொல்லு என்றால் சொல்லாதாம்.

“யாருடா கூட வந்திருக்கிறது?” என்று கேட்டாள். “உள்ள கூப்புடு.”

ரஞ்சித்தால் திரும்ப முடியவில்லை. பாப்பாவின் இடது கை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. வலது கை அவன் முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தது.

நீண்ட கையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல, அது மெல்ல ஏறியது. சற்று நின்றது. பிறகு இறங்கியது.

பாப்பா சிரித்தது. அவன் சட்டையின் முதுகுப்பக்கம் நனையத் தொடங்கியது.